பழைய தத்துவத்தை வைத்து வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அளவோடு வாழ்வது எப்படி: வரிசைப்படி ஒரு வழிகாட்டி

எங்கள் சிறிய வாசிப்புக் குழுவில் குறள், கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ், ரோமானியத் தத்துவஞானி செனெக்கா என்று கலந்துதான் படிக்கிறோம். படித்ததை வீட்டில் செய்து பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களில் நிறையப் பேர் சிக்குவது ஒரே இடத்தில்: வரிசை. முதல் நாளே மூங்கில் பல்துலக்கி, எஃகு உறிஞ்சுகுழல், கண்ணாடி டப்பாக்கள் என்று ஒரு கூடை வாங்கிவிடுவார்கள், குறைத்து வாழ்வதற்காக வாங்கிய சாமான்களுக்கே ஓர் அலமாரி தேவைப்படும். இன்னொரு வகையினர் எல்லாத் தத்துவத்தையும் படித்து முடித்துவிட்டுத் தொடங்கலாம் என்று இருப்பார்கள். அவர்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் நீங்கள் எழுதிவைத்ததைப் பயன்படுத்துகிறது.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு, பேனா. கடைசியாக வந்த மின்சார, தண்ணீர்க் கட்டணச் சீட்டு. ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்ப்போமே, அந்தச் சின்னத் தராசு. அவ்வளவுதான், எதையும் புதிதாக வாங்க வேண்டாம்.

படிக்க வேண்டியதும் கொஞ்சம்தான்: இரண்டு மூன்று குறள், புறநானூற்றின் 189ஆம் பாட்டு, கிரேக்கத் தத்துவஞானி எபிக்டெட்டஸின் கையேட்டில் முதல் பத்தி, எபிகூரஸ் மெனோசியஸுக்கு எழுதிய கடிதம், செனெக்காவின் 18ஆம் கடிதம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

இன்னொன்றும் வேண்டும். வீட்டில் ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். குளிர்பதனப் பெட்டி, துணி அலமாரி, மின்சாரம் இவற்றில் ஒன்று. முழு வீட்டையும் எடுத்துக்கொண்டவர்கள் யாரும் இரண்டாவது மாதத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் குளிர்பதனப் பெட்டியை எடுங்கள், அங்கேதான் பலன் சீக்கிரம் தெரியும்.

1. முதல் வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

"அளவறிந்து வாழாதான் வாழ்க்கை உளபோல இல்லாகித் தோன்றாக் கெடும்" என்கிறது 479ஆம் குறள். அளவோடு வாழ்வதற்கு முன்னால் அளவு தெரிய வேண்டும். நம் வீடுகளில் அது தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குப்பையைக் கொட்டும் குழாய் சமையலறையிலோ வாசலுக்குப் பக்கத்திலோ இருக்கிறது. மூடியைத் திறந்து போட்டால் ஒரு சத்தம், அப்புறம் அது நம் பிரச்சினை இல்லை. அந்தக் குப்பை எரியாலைக்குப் போய், சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. சிங்கப்பூருக்கு இருப்பது அந்த ஒரே நிரப்புநிலம்தான். 1999இல் திறந்தார்கள், 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்தத் தீவைப் போய்ப் பார்க்காதவருக்குக் குழாயின் சத்தத்தோடு கதை முடிந்துபோகிறது.

அதனால் குழாயில் போடுமுன் பையைத் தராசில் மாட்டி எடையைக் குறியுங்கள். வீட்டுக்குள் வந்ததையும் குறியுங்கள். எடையைவிட முக்கியம் காரணம். "உணவு வீண்" என்று எழுதினால் பயனில்லை. "ஞாயிறு இரவு, அரைச் சட்டி சாம்பார், வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை" என்று எழுதுங்கள். "கொத்தமல்லிக் கட்டு, தேக்கா சந்தையில் மலிவாகக் கிடைத்ததால் இரண்டு வாங்கியது, ஒன்று அழுகிவிட்டது" என்று எழுதுங்கள். அடுத்த படிகள் அத்தனைக்கும் மூலப்பொருள் இந்தக் காரணங்கள்தான்.

இங்கே நடக்கும் தவறு: எழுதத் தொடங்கியதுமே நல்ல பிள்ளையாக நடந்துகொள்வது. தராசு வந்ததும் குப்பை குறைந்துவிடும், வாரம் முடிந்ததும் பழையபடி ஆகிவிடும், உங்கள் கையில் பொய்க் கணக்கு இருக்கும். வழக்கமாக எப்படி இருப்பீர்களோ அப்படியே இருங்கள். மின்சாரத்தை எடுத்துக்கொண்டவர்களுக்கு வேலை கொஞ்சம் குறைவு: கட்டணச் சீட்டிலேயே அக்கம்பக்கத்து வீடுகளின் சராசரியோடு உங்கள் பயன்பாட்டை ஒப்பிட்டுக் காட்டியிருப்பார்கள். எந்த அறையில், எந்த நேரத்தில், எதற்காக என்பதை மட்டும் நீங்கள் எழுதினால் போதும்.

2. உங்கள் கையில் இருப்பதைப் பிரியுங்கள்

அடிமையாகப் பிறந்து பிறகு ஆசிரியரான எபிக்டெட்டஸின் கையேடு ஒரு கோடு போட்டுத்தான் தொடங்குகிறது. நம் கருத்து, நம் விருப்பு வெறுப்பு, நாம் எடுக்கும் முயற்சி இவை நம் வசம். உடம்பு, சொத்து, பேர், பதவி நம் வசம் இல்லை. நோட்டில் எழுதிய காரணங்களை இந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பிரித்து எழுதுங்கள்.

சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. அது உங்கள் வசம் இல்லை, அதை நினைத்து ராத்திரி தூக்கம் கெடுவதில் அர்த்தமும் இல்லை. உலையில் எத்தனை குவளை அரிசி போடுகிறோம் என்பது உங்கள் வசம். பேரங்காடியில் மூன்று வெள்ளரிக்காயை நெகிழியில் சுற்றி வைத்திருப்பது உங்கள் வசம் இல்லை. அதே வெள்ளரிக்காயை ஈரச்சந்தையில் ஒன்றாக எடுத்துக் கையோடு கொண்டுபோன பையில் போடுவது உங்கள் வசம்.

இந்தப் படியில் எல்லாரும் ஒரு தந்திரம் செய்வார்கள். சங்கடமான எதையும் "என் வசம் இல்லை" பக்கத்தில் தள்ளிவிடுவது. அம்மாதான் சமைக்கிறார், கணவர்தான் குளிர்சாதனத்தை (ஏசியை) போடுகிறார், பிள்ளைகள்தான் செயலியில் சாப்பாடு தருவிக்கிறார்கள். எங்கள் குழுவில் சிலர் இதற்காக "பாதி என் வசம்" என்று மூன்றாவது பத்தியே போட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எபிக்டெட்டஸ் வழியில் பார்த்தால், கேட்பது உங்கள் வசம், வரும் பதில் உங்கள் வசம் இல்லை. "அம்மா, ராத்திரிக்கு ஒரு குவளை குறைச்சுப் போடலாமா" என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். அம்மா என்ன சொல்வார் என்பதை இரண்டாவது பக்கத்தில் விடுங்கள். மூன்றாவது பத்தி போட்டவர்கள் கேட்காமலேயே இருந்துவிட்டார்கள்.

3. ஆசைகளை மூன்றாகப் பிரியுங்கள், பொருள்களை அல்ல

எபிகூரஸ் என்றால் தின்று குடித்து மகிழச் சொன்னவர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று இருந்தவர். விருந்து கொண்டாட வேண்டும் என்று தோன்றியபோது நண்பரிடம் ஒரு சிறு பானை பாலாடைக்கட்டி கேட்டு எழுதினாராம். ஆசைகளை அவர் மூன்றாகப் பிரித்தார்: இயல்பும் அவசியமும் ஆனவை; இயல்பானவை, ஆனால் அவசியம் இல்லாதவை; இயல்பும் இல்லாமல் அவசியமும் இல்லாமல் வெறும் எண்ணத்தில் முளைப்பவை.

இப்போது உங்கள் முதல் பக்கத்தில் இருப்பவற்றை இந்த மூன்றில் போடுங்கள். புதியவர்கள் இங்கே பொருளை வகைப்படுத்துவார்கள்: அரிசி முதல் வகை, கைப்பேசி மூன்றாம் வகை என்று. அது வேலைக்கு ஆகாது. ஒரே பொருளுக்குப் பின்னால் மூன்று வகை ஆசையும் இருக்கலாம். தீபாவளிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடுத்த வேண்டும் என்பது முதல் வகை. பண்டிகைக்கு அழகாக ஒன்று வேண்டும் என்பது இரண்டாம் வகை, அதில் ஒரு குற்றமும் இல்லை. போன வருடம் கட்டியதையே கட்டினால் படத்தைப் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களே என்பது மூன்றாம் வகை. வெட்ட வேண்டியது மூன்றாவதை மட்டும்.

குளிர்சாதனத்தில் வாக்குவாதம் வரும், வரட்டும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் நல்ல தூக்கம் அவசியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தேவை தூக்கமா, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் குளிரா? 25 டிகிரியில் வைத்து விசிறியும் போட்டால் பெரும்பாலோருக்குத் தூக்கம் வருகிறது. 20இல் வைத்துக் கம்பளி போர்த்துவது எந்த வகை என்று நீங்களே எழுதுங்கள்.

பற்றுச்சீட்டு கிளப்பும் ஆசையையும் கவனியுங்கள். 2024இல் வீவக வீடுகளுக்கு 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு வந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த குளிர்பதனப் பெட்டியை மாற்றலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பழையது பழுதாகிவிட்டது, மின்சாரத்தை விழுங்குகிறது என்றால் மாற்றுவது புத்திசாலித்தனம், மின்சிக்கன முத்திரையில் கூடுதல் டிக் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சீட்டு இருப்பதால் மட்டும் முளைத்த ஆசை என்றால் மூன்றாம் வகையில் எழுதுங்கள், எல்இடி விளக்குக்கோ தண்ணீர் மிச்சம் பிடிக்கும் குழாய்க்கோ அந்தச் சீட்டைப் பயன்படுத்தலாம்.

இரண்டாம் வகையையும் சேர்த்து வெட்டுகிறவர்கள் சீக்கிரம் களைத்துப்போவார்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே போய் நெய்த்தோசை சாப்பிடுவதை எபிகூரஸ் தடுத்திருக்க மாட்டார்.

4. அளவை ஆசை வருமுன் வையுங்கள்

சமணத்தில் துறவிகளுக்கு முழுத் துறவு. இல்லறத்தாருக்கு அப்படி இல்லை, பரிக்கிரக பரிமாணம் என்று ஒரு விரதம்: எவ்வளவு வைத்துக்கொள்வேன் என்பதற்கு வரம்பை அவரவரே முன்கூட்டித் தீர்மானித்து, அதைத் தாண்டாமல் இருப்பது. வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வீட்டுக் கடன் கட்டும் நமக்கு நான் பார்த்தவரை இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறில்லை. அரசனுக்குச் சீனத் தத்துவஞானி மென்சியஸ் சொன்ன யோசனையும் இந்த மாதிரிதான்: நெருக்கமான கண் உள்ள வலையைக் குளத்தில் போடாமல் இருந்தால், தின்று தீராத அளவுக்கு மீன் இருக்கும். வலையின் கண்ணைத் தீர்மானிக்க வேண்டியது குளத்துக்குப் போகும் முன்.

எப்படிச் செய்வது? நோட்டில் ஓர் எண், ஒரு முடிவுத் தேதி எழுதுங்கள். "பொங்கல் வரை, குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டில் இருப்பது தீராமல் புதுக் காய்கறி வராது." "துணி அலமாரியில் இத்தனை தொங்கிகள்தான், தொங்கி காலியானால்தான் புதுத் துணி." தேதி இல்லாத வரம்பை யாரும் காப்பாற்றுவதில்லை, அது வெறும் ஆசீர்வாதம். "எண்ணித் துணிக கருமம்" என்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முஸ்தபா கடையில் தள்ளுவண்டியோடு நின்றுகொண்டு எண்ணத் தொடங்கினால் தோற்றுவிடுவீர்கள், வீட்டில் எண்ணிவிட்டுப் போங்கள்.

வரம்பைப் பூஜ்யத்தில் வைக்காதீர்கள். உங்கள் முதல் வாரக் கணக்கிலிருந்து சற்றுக் குறைவாக வையுங்கள், அதற்காகத்தான் அந்த வாரம் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டாம் என்றேன்.

அடுத்த தவறு, வரம்பு வைத்த அன்றே மிச்சத்தை எல்லாம் குழாயில் கொட்டுவது. முதலில் உள்ளே வரும் வழியை அடையுங்கள், கொஞ்ச நாள் கழித்து வெளியே அனுப்புங்கள். மாறிச் செய்தால் காலியான தட்டு ஒரு மாதத்தில் மறுபடி நிறைந்துவிடும். வெளியே அனுப்பும்போதும் ஒரு வரிசை உண்டு: பழுது பார்க்கலாமா, யாருக்காவது கொடுக்கலாமா, காராங் குனிக்காரர் (பழைய சாமான் வாங்குகிறவர்) எடுப்பாரா, மின்சாதனம் என்றால் கடைத்தொகுதிகளில் உள்ள மின்கழிவுத் தொட்டியில் போடலாமா, கடைசியாகத்தான் குப்பை. மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் சாம்பார் ஒட்டிய டப்பாவைப் போட்டால் பக்கத்தில் இருக்கும் காகிதமும் பாழ், கழுவிப் போடுங்கள்.

பை விஷயம் ஒன்று. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். அதற்குப் பிறகு நிறைய வீடுகளில் துணிப்பை மலை ஒன்று உருவாகிவிட்டது, கல்யாணத்தில் கொடுத்தது, வங்கி கொடுத்தது, மறந்துபோய்க் கடையில் வாங்கியது. துணிப்பைக்கும் ஒரு வரம்பு எழுதுங்கள்.

5. இல்லாமல் இருந்து ஒத்திகை பாருங்கள்

செனெக்கா 18ஆம் கடிதத்தில் சொல்வது: சில நாள்கள் மிக மலிவான சாப்பாடு, முரட்டுத் துணியோடு இருந்து பார், "இதற்கா பயந்தேன்?" என்று உன்னையே கேள். மூன்று நான்கு நாள், சில சமயம் அதற்கு மேலும் என்கிறார், பொழுதுபோக்காக இல்லாமல் உண்மையாகவே செய்யச் சொல்கிறார். இதைச் சொன்னவர் ரோமின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் என்பது உறுத்தும்தான். எனக்கு அதுவே வசதியாகப் படுகிறது, ஏனென்றால் நாமும் இல்லாதவர்களாக ஆகப் போவதில்லை, பயத்தைச் சோதிக்கத்தான் போகிறோம்.

மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். செயலியில் சாப்பாடு தருவிப்பதில்லை, வீட்டில் இருப்பதைத்தான் சமைப்பது. அல்லது மூன்று இரவு குளிர்சாதனம் இல்லாமல். விரதம் நமக்குப் புதிதில்லை, புரட்டாசிச் சனிக்கிழமையோ தைப்பூச விரதமோ இருக்கும் வீடு என்றால் அதோடு சேர்த்துவிடுங்கள், தனியாக மனத்தைத் தயார்செய்ய வேண்டியதில்லை.

எப்போது செய்யக்கூடாது: பிள்ளைக்குப் பரீட்சை வாரம், புகைமூட்டம் வந்து சன்னலை மூடிவைக்கும் நாள்கள், வீட்டில் காய்ச்சல். நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பாட்டு ஒத்திகையில் கை வைக்க வேண்டாம்.

முடிந்த மறுநாள் பழிவாங்குவதுபோல் ஒரு பெரிய விருந்து நடக்கும், கவனம். நாலாம் நாளுக்கு என்ன சாப்பாடு என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள்.

6. இரவில் கொஞ்ச நேரம் கணக்குப் பாருங்கள்

இதுவும் செனெக்காவிடமிருந்துதான், அவர் செக்ஸ்டியஸ் என்பவரின் வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது. விளக்கணைந்து மனைவி பேச்சை நிறுத்திய பிறகு அன்றைய நாளை முழுக்கத் திரும்பிப் பார்ப்பாராம். கேள்விகள் மூன்று: இன்று எந்தக் குறையைச் சரிசெய்தேன், எதை எதிர்த்து நின்றேன், எதில் கொஞ்சம் மேம்பட்டேன்?

இது இல்லாவிட்டால் நான்காம் படியில் வைத்த வரம்பு சத்தமில்லாமல் நழுவும். நோட்டில் இரண்டு வரி போதும். கைப்பேசியில் எழுதாதீர்கள். எழுதப் போனவர் விற்பனைச் செயலியில் போய் முடிவார்.

தம்பதியாகச் செய்கிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. மற்றவர் குற்றத்துக்குக் கணக்கு எழுதும் நோட்டு இல்லை இது. "தன்குற்றம் நீக்கிப் பிறர்குற்றம்" பார்க்கச் சொன்னது குறள், அந்த வரிசையை மாற்றியதால் ஒரு வீட்டில் நோட்டே குழாயில் போன கதையை நான் கேட்டிருக்கிறேன்.

7. வீட்டாரையும் விருந்தையும் கடைசியில் தொடுங்கள்

பலர் இதை முதலில் செய்கிறார்கள், அங்கேயே முடிந்துபோகிறது. உங்கள் நோட்டில் சில வாரக் கணக்கு சேர்ந்த பிறகு பேசினால் அது உபதேசமாகக் கேட்காது, "இந்த மாதம் இவ்வளவு குறைந்திருக்கிறது" என்று காட்டலாம். மாமியாரிடம் புதுத் தத்துவம் எல்லாம் சொல்ல வேண்டாம், மீந்த சாதத்தை என்ன செய்யலாம் என்று கேளுங்கள். உங்களைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். நீங்கள் வைத்த வரம்பின் சுமை அவர் தலையில் விழுகிறதா? உங்கள் அறையில் குளிர்சாதனம் 25இல் ஓட, அவர் அறையில் விசிறி நிற்கக்கூடாது. துணிப்பை, டப்பா கழுவுவது, தனித்தனியாகப் பிரிப்பது எல்லாம் அவருடைய கூடுதல் வேலையாக மாறினால் நீங்கள் எதையும் குறைக்கவில்லை, கைமாற்றிவிட்டிருக்கிறீர்கள். மீந்ததைச் சாப்பிடுவதும் அவருக்கு மட்டும் விதித்த கடமை ஆகிவிடக்கூடாது. "பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்" என்ற வரியைச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் இதைச் சரிசெய்யுங்கள்.

விருந்துதான் நமக்குக் கஷ்டமான இடம். புளோக்கின் கீழ்த்தளத்தில் பிறந்தநாள், ஆள் கணக்கு சரியாகத் தெரியாது, குறைந்துவிட்டால் மானம் போய்விடும் என்று அதிகமாகச் சொல்லிவைப்போம், கடைசியில் தட்டு தட்டாக பிரியாணி மீந்து நிற்கும். இங்கே ஆசையை வகைப்படுத்திப் பாருங்கள்: வந்தவர் வயிறு நிறைய வேண்டும் என்பது ஒன்று, பாத்திரம் காலியாகக்கூடாது என்பது வேறு. வருவதாக உறுதி சொன்னவர் எண்ணிக்கைக்கு மட்டும் சாப்பாடு சொல்லுங்கள், சாதத்தைப் பின்னால் வடிக்கும்படி வையுங்கள். அழைப்புச் செய்தியிலேயே "வரும்போது ஒரு டப்பா கொண்டுவாருங்கள்" என்று போட்டுவிடுங்கள். முதல் தடவை சிரிப்பார்கள், இரண்டாம் தடவை பெரிய டப்பாவோடு வருவார்கள்.

8. மிச்சமான பணம் எங்கே போகும் என்று முன்பே எழுதுங்கள்

இந்தப் படியை ஏறக்குறைய எல்லாருமே விட்டுவிடுகிறார்கள். மின்சாரத்திலும் சாப்பாட்டிலும் மிச்சம் பிடித்த வெள்ளி கணக்கில் சும்மா இருக்காது. டிசம்பர் விடுமுறையில் பாலிக்கோ பேங்காக்குக்கோ ஒரு மலிவு விமானச் சீட்டாக மாறும், வருடம் முழுக்க வீட்டில் குறைத்தது ஒரே பறப்பில் போய்விடலாம்.

உலகை ஆளும் அரசனும் இரவு பகலாக விலங்கு தேடி அலையும் வேட்டுவனும் உண்பது ஒரு நாழி, உடுப்பது இரண்டு என்று சொல்லும் புறநானூற்று 189ஆம் பாட்டு, "செல்வத்துப் பயனே ஈதல், துய்ப்பேம் எனினே தப்புந பலவே" என்று முடிகிறது. கட்டணச் சீட்டு வந்த அன்றே, போன வருடம் அதே மாதத்தோடு ஒப்பிட்டு, குறைந்த தொகையை எடுத்து நீங்கள் நம்பும் ஓர் அறப்பணிக்கோ ஊரில் படிக்கும் ஒரு பிள்ளைக்கோ அனுப்பிவிடுங்கள். பத்து வெள்ளியாக இருந்தாலும் சரி. மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது இருக்காது.

இவ்வளவும் ஓர் இடத்தில் ஓடத் தொடங்கியதும் அடுத்த இடத்துக்குப் போகலாம், மறுபடி முதல் படியிலிருந்து, தராசும் நோட்டுமாக. குளிர்பதனப் பெட்டிக்கு அப்புறம் துணி, அதற்கு அப்புறம் மின்சாரம். விமானப் பயணத்தை எல்லாவற்றுக்கும் பின்னால் வையுங்கள். ஊரில் அம்மா அப்பா இருக்கும் வீட்டில் அதைப் பற்றிப் பேச, மற்ற எல்லாப் படியிலும் கை பழகியிருக்க வேண்டும்.